வர்ணப்பூச்சும் தூர்வாரலும்

தீவகத்தில் நன்னீர்க் கிணறு அரிது. அதனை இறைத்துச் சேறகற்றுவதையே நாம் புதுப்பித்தல் என்போம். சுற்றுக்கட்டுக்கு வர்ணம் பூசுவதை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. ஆசிரியர்கள் தம் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் பகிர்ந்துகொள்ளும் இணையத்தளங்கள் புதுப்பிக்கப்படும் விதத்தை நோக்கும்போது, இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

நாம் பயன்படுத்தும் தளமொன்று சென்ற ஆண்டு புதுக்கோலம் பூண்டது. பெயர் வேண்டா, நோய் பொதுவானது. ஒவ்வொரு தாளுக்கும் அட்டைப்படம் வந்தது. நட்சத்திரமிட்டு மதிப்பிடும் வசதி வந்தது. எத்தனை பேர் தரவிறக்கினர் என்ற கணக்கும் வந்தது. எழுத்து மட்டுமே கொண்டிருந்த சிறு கோப்புகள் படங்களாகிப் பருத்தன. கொழும்பிலே கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும் தாள், நெடுந்தீவு ஆசிரியரின் கைத்தொலைபேசியில் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது. நட்சத்திரக் கணக்கோ தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரப் பலகைக்கே பொருந்தும். நாளை வகுப்பில் நிற்கவேண்டிய ஆசிரியருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தளத்தில் பாராட்டுவதற்கு இடமுண்டு, திருத்துவதற்கு இடமில்லை! இலக்கணச் செயலட்டை ஒன்றின் விடைப்பகுதியில் ‘பொற்குடம்’ என்பது தோன்றல் விகாரம் எனக் காணப்படுகிறது. பொன் என்பதன் னகரம் றகரமாகத் திரிந்ததேயன்றி, அங்கு புதிதாய்த் தோன்றிய எழுத்து யாது? இருமுறை எழுதினோம், நன்றி என்று மறுமொழி வந்தது, பிழை அகலவில்லை. அத்தாளுக்கு நான்கரை நட்சத்திரம். அதனை நம்பிப் படித்த மாணவி பரீட்சையில் இழக்கும் புள்ளிக்கு யார் பொறுப்பு?

இன்னொன்றும் உண்டு. வேகக் கணக்குகளிலே எப்போதும் புகையிரதமே ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014இல் மீண்டது. தீவுகளுக்கு அது எக்காலத்திலும் வந்ததில்லை. எம் நண்பர் ஒருவர் அக்கணக்கை மாற்றி, குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் குமுதினிப் படகை அதிலே ஓடவிட்டார். பிள்ளைகள் எதிர்க்காற்றைப் பற்றியும் கேள்வி கேட்டனராம். அந்தத் தாளைத் தளத்தில் இட முயன்றபோது, அது ஏற்கெனவே உள்ள ஒன்றின் நகல் என்று தள்ளப்பட்டது. மூலத்தையும் மாற்றத்தையும் ஒருங்கே காட்டும் வழி அங்கே இல்லை.

திறந்த கல்வி வளங்கள் பற்றி யுனெஸ்கோ 2019இல் நிறைவேற்றிய பரிந்துரை, மீளப் பயன்படுத்துவதோடு மாற்றியமைத்து மீளப் பகிர்வதையும் அவற்றின் இலக்கணமாகவே கூறுகிறது. இது நமக்குப் புதிய செய்தியுமன்று. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முன்னின்று உழைக்க 2003இல் எழுந்த தமிழ் விக்கிப்பீடியாவில், ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடற் பக்கமும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. எவர் எந்நாளில் எதை மாற்றினார் என்பதை எவரும் காணலாம். 2005இல் தொடங்கிய நூலகம் தளமோ, ‘மல்லிகை’ போன்ற ஏடுகளைக் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. அதன் முகப்பில் பகட்டில்லை, தேடியது கிடைக்கிறது.

எல்லாரும் கைவைத்தால் தாள் கெடாதா என்று சில மூத்த ஆசிரியர்கள் வினவுகின்றனர். கெடலாம். ஆயின் மாற்றியவர் பெயரும் முந்திய வடிவமும் நிலைத்திருந்தால், கெட்டதை ஒரு நொடியில் மீட்கலாம். இப்போதுள்ள ஏற்பாட்டிலோ பிழை மட்டுமே பத்திரமாக இருக்கிறது. அதன் அடியில், எழுதுபவர் நகரத்தவர், பெறுபவர் தீவார் என்ற பழைய எண்ணமும் பதுங்கியிருப்பதாகவே நமக்குப் படுகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் பாடங்களை வழங்குவது நன்றே. ஆனால் வழங்கப்பட்டதைப் பெறுவது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு அல்லவா?

தளத்தின் அடுத்த புதுப்பிப்பில் இருள்வண்ணத் திரை வரவிருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். எம் நண்பர் தமது படகுக் கணக்கைப் பென்டிரைவில் இட்டு, நயினாதீவுக்குச் செல்லும் ஆசிரியையிடம் இறங்குதுறையிலே கொடுத்தனுப்புகிறார்.