விரிக்கப்பட்ட முகங்கள்

தமிழில் எச்டி சேனல்கள் ஏன் இத்தனை மெதுவாக வளர்கின்றன என்று கேட்டால் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: நம் நேயர்களுக்கு வித்தியாசம் தெரியாது, கைப்பேசி வந்தபிறகு அது தேவையும் இல்லை. பழியை முழுக்கப் பார்ப்பவர் தலையில் சுமத்தும் இந்த வாதம் தவறு.

தாமதத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு எச்டி சேனல் செயற்கைக்கோளில் மூன்று நான்கு சாதாரண (எஸ்டி) சேனல்களின் இடத்தைப் பிடிக்கும். அந்த இடத்துக்கு வாடகை அதிகம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) கட்டண முறையும் ஒரு எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிட்டது. காமன்வெல்த் போட்டிக்காக 2010இல் தூர்தர்ஷன் எச்டிக்கு வந்தது. சன் டிவி எச்டி 2011 டிசம்பரில் வந்தது. ஜீ தமிழ் எச்டிக்கு 2017 ஆயிற்று. இவை எல்லாம் சரி. காட்சி நன்றாக அமைந்த நாளில், ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தின் தையல்கூடத் தெரிவதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் மீதி நேரத்தில் என்ன காட்டுகிறார்கள்? பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் குறை இதுதான். எச்டி என்ற பெயரில் வரும் பெரும்பகுதி பழைய எஸ்டி பிரதியை ஊதிப் பெருக்கியது. 720க்கு 576 புள்ளிகளில் பதிவான படத்தை 1920க்கு 1080 ஆக்கிவிட்டால், இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? அதோடு நின்றாலும் பொறுக்கலாம். 4:3 சட்டகத்தில் எடுத்த படத்தை 16:9 திரை நிறைய இழுக்கிறார்கள். கணக்குப்படி ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. 'பராசக்தி' காலத்துச் சிவாஜியின் ஒடுங்கிய கன்னம் உப்பிப்போகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' போன்றவற்றுக்கு இதற்கு நேர்மாறான கொடுமை: திரையை நிரப்ப இரு பக்கமும் வெட்டுகிறார்கள், ஓரத்தில் நிற்பவர் பாதி உடம்போடு வசனம் பேசுகிறார். ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டகத்தைச் சிதைத்துவிட்டு அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதை வேறெந்தப் பெயரால் அழைத்தாலும் எனக்கு அது மோசடிதான்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்கும் லாரி முனையத்துக்கும் பக்கத்துத் தெருக்களில், தவணையில் வாங்கிய 43 அங்குல டிவி சாதாரணம். எச்டி பெட்டி வாங்கச் சொன்னால், "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு, எதுக்கு அதிகமா குடுக்கணும்?" என்கிறார்கள். இதை ரசனைக் குறைவு என்று எழுதுபவர்கள் அந்தத் திரைக்கு எதிரே ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. ஒரே பிரதி இரண்டு எண்களில் ஓடுவதை அது கண்டுபிடித்துவிட்டது. தமிழ் நேயருக்குத் தரம் தெரியாது என்றால், 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் மெருகேறித் திரும்பியபோது திரையரங்குகளில் அத்தனை கூட்டம் எதற்கு?

விலைக்கு உச்சவரம்பு வகுத்த டிராய், நிகழ்ச்சி அசல் எச்டியா, பெருக்கியதா என்று திரை மூலையில் குறிப்பிடச் சொல்ல வேண்டும். பெருக்கிய நேரத்துக்கு எச்டி கட்டணம் வாங்கக் கூடாது. பழைய படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விட ஒரு பைசா செலவில்லை; அதை நாளைக்கே செய்யலாம்.