113355

பை (π) என்று பள்ளிக்கூடம் நம் கையில் கொடுத்தனுப்பியது 22/7. குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்று உறைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் பையின் பின்னங்களில் என் மனம் லயிப்பது 355/113-ல்தான்.

1, 1, 3, 3, 5, 5 என்று எழுதி நடுவில் வெட்டுங்கள். பின்பாதியை முன்பாதியால் வகுத்தால் 3.1415929... வரும். புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் அச்சு அசல் பை. ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவை 22/7 ஒன்றேகால் மீட்டர் கூட்டிச் சொல்லும். 355/113 கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் பிசகும்.

5-ஆம் நூற்றாண்டில் சீனக் கணிதர் சூ சோங்சி கண்டது இது. 22/7-ஐயும் அவர் அறிவார். அதைத் தோராயம் என்றும் இதை நுட்பம் என்றும் பிரித்து வைத்தார். எப்படிக் கண்டார் என்று கேட்க வழியில்லை, அவருடைய நூல் தொலைந்துவிட்டது. ஐரோப்பா இதே பின்னத்துக்கு வந்து சேர 16-ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

பை எந்தப் பின்னத்திலும் அடங்காது என்று கணிதர் லாம்பெர்ட் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அடங்காததை மூன்று இலக்கத்துக்குள் இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. இதைவிட நெருக்கமான அடுத்த பின்னம் 52163/16604. அதை யார் மனப்பாடம் செய்வது!