எதுக்குத் தம்பி பூட்டு?

நாகல் நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் போய் "நல்ல பூட்டா ஒண்ணு வேணும்ணே" என்று கேட்டேன். ஏழு லீவர், மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கிற பூட்டு என்று வரிசையாக எடுத்து வைப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. "எதுக்குத் தம்பி பூட்டு? கடை ஷட்டருக்கா, பீரோவுக்கா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்ற ஆசையில் போனவன் நான். பூட்ட வேண்டிய பொருள் எதுவும் என்னிடம் இல்லை.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து என் ஃபேன்டஸி நாவலின் கைப்பிரதியைத் திறந்தேன். மூன்று வருட உழைப்பு. மந்திர விதிகளுக்கான பின்னிணைப்பு மட்டும் முப்பது பக்கம். எந்த மந்திரத்துக்கு எவ்வளவு ரத்தம், எத்தனை நாழிகை நிற்கும், எந்தத் திதியில் பலிக்காது என்று அட்டவணையே போட்டிருந்தேன். படித்த நண்பன் ஒரே வரிதான் சொன்னான்: "கெமிஸ்ட்ரி ரெகார்ட் நோட்டு மாதிரி இருக்குடா."

நம்மில் பலருக்கு இந்த வியாதி பிராண்டன் சாண்டர்சனிடமிருந்து தொற்றியது. அவரைக் குறை சொல்லவில்லை. 2006இல் வந்த 'மிஸ்ட்பார்ன்' நாவலில் உலோகத்தை விழுங்கி உடலுக்குள் 'எரித்தால்' சக்தி வரும். எஃகை எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தைத் தள்ளலாம், இரும்பை எரித்தால் இழுக்கலாம். உங்களைவிடக் கனமான உலோகத்தைத் தள்ளினால் நீங்கள்தான் பின்னால் பறப்பீர்கள். நியூட்டன் படித்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு குதூகலம்! அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: மாயத்தை வைத்துச் சிக்கலை அவிழ்க்க வேண்டுமென்றால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். நியாயமான பேச்சு. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு தேவதை வந்து காப்பாற்றினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பிறகு அவரே சொன்னார், சக்தியைவிட அதன் வரம்பும் விலையும்தான் சுவாரசியம் என்று. நாங்கள் முதல் பாடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம். விதியைத் துல்லியமாக எழுதினால் கதை தானாக வந்துவிடும் என்று நம்பினோம்.

விதி துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, அது யாரையாவது மாட்டிவைக்க வேண்டும். 'டெத் நோட்' ஏன் தூங்கவிடாமல் பார்க்க வைத்தது? பெயரும் முகமும் தெரிந்தால்தான் கொல்ல முடியும் என்பது விதி. அந்த ஒரு வரியால் எதிராளியின் பெயரே உயிர்நிலை ஆகிவிடுகிறது.

இதற்கு ஜப்பான்வரை போகத் தேவையில்லை, அம்புலிமாமா போதும். 1947இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை நீங்கள் படித்திருக்காவிட்டாலும், ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள்: ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், நடந்துகொண்டே இருக்கும் விக்கிரமன். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதி, பின்னிணைப்பு கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வது எது? அவனுடைய அறிவு. முட்டாளாக இருந்திருந்தால் முதல் நடையிலேயே வேலை முடிந்திருக்கும். பழைய வேதாளக் கதைகளில் அப்படித்தான் முடிகிறது. தந்தை மகளையும் மகன் தாயையும் மணந்துகொண்டால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற கடைசிப் புதிருக்கு ராஜாவிடம் பதில் இல்லை. உண்மையாகவே தெரியாததால் அவனுடைய மௌனம் குற்றமாகவில்லை. அறிவால் பூட்டிய பூட்டு அறியாமையால் திறக்கிறது. மாதப் பத்திரிகைக்கு அந்தக் கடைசிப் புதிர் ஆகாது. அதனால் அம்புலிமாமா விக்கிரமனுக்கு எப்போதும் பதில் தெரிந்தே இருந்தது, பாவம்.

ஆனால் தமிழில் இந்த வேலையை மிகக் கூர்மையாகச் செய்தவர் என்று நான் நினைப்பது சீத்தலைச் சாத்தனாரைத்தான். மணிமேகலையைப் பாடப்புத்தகத்தில் 'அறம் சொல்லும் காப்பியம்' என்று படித்து மறந்துவிட்டோம். ஃபேன்டஸி வாசகராக மறுபடி திறந்து பாருங்கள். அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், அது எல்லோருக்கும் தெரியும். அதன் நிபந்தனைகளைக் கவனித்திருக்கிறோமா? ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசி முழுநிலவன்று மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையில் மேலே வரும். அதில் முதல் பிச்சையைப் பத்தினி ஒருத்தி இட வேண்டும். மணிமேகலைக்கு அதை இடுபவள் ஆதிரை.

பாத்திரத்தின் முதல் சொந்தக்காரன் ஆபுத்திரன். மதுரையில் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், கால் முடியாதவர், ஆதரவற்றவர்களுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தின்று, திருவோட்டையே தலையணையாக வைத்துத் தூங்குகிறவன். ஒரு மழை இரவில் பசித்தவர்கள் வந்து எழுப்புகிறார்கள், கையில் ஒன்றுமில்லை. சிந்தாதேவி பாத்திரத்தைத் தருகிறாள். கதை சூடுபிடிப்பது இதற்குப் பிறகுதான். இவனுடைய கொடையால் இந்திரனின் ஆசனம் ஆட்டம் காண்கிறது. வரம் தருகிறேன் என்று வந்த இந்திரனை, கொடுப்பதற்கே ஆளில்லாத ஊர் உன் ஊர் என்று சொல்லிச் சிரித்துவிடுகிறான் ஆபுத்திரன்.

கோபம் கொண்ட இந்திரன் என்ன செய்கிறான் தெரியுமா? பாத்திரத்தை உடைக்கவில்லை, திருடவில்லை, எதிர் மந்திரமும் போடவில்லை. பாண்டிய நாட்டில் மழை பெய்ய வைக்கிறான். பஞ்சம் தீர்கிறது, ஊரெல்லாம் விளைகிறது, பசித்தவனே இல்லை. அவ்வளவுதான், உலகத்தின் மிகப் பெரிய மாயப் பொருள் ஒரே பருவத்தில் வெறும் ஓடு! ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய் யாராவது சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட வேண்டியதாகிறது. வில்லன் ஒரு நல்ல காரியத்தைச் செய்தே நாயகனைத் தோற்கடிக்கிறான். இதற்கு இணையான ஒரு நகர்த்தலை நான் படித்த நவீன ஃபேன்டஸி எதிலும் பார்த்ததில்லை.

சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத்தில் நிற்க, இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவிலேயே போய்விடுகிறது. ஆள் இல்லாத தீவு, கையில் அமுதசுரபி.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பாத்திரத்தின் விதிப்படி அவன் சாப்பிடலாம், தடை எதுவும் இல்லை. ஆயுள் முழுக்க உட்கார்ந்து தின்றிருக்கலாம். ஆனால் பல உயிர் காக்கும் பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்காக வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. உயிர்களைப் பேணுகிறவர் கையில் சேரட்டும் என்று பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து செத்துப்போகிறான். ஆண்டுக்கொரு முறை மேலே வரும் என்ற விதியும் அந்த நேரத்தில் அவன் போட்டதுதான். எந்தத் தெய்வமும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

என் முப்பது பக்கத்தில் இல்லாதது இதுதான். என் விதிகள் எல்லாம் வானத்திலிருந்து வந்தவை. என் நாயகன் அவற்றை மனப்பாடம் செய்தான், ஓட்டை கண்டுபிடித்தான், ஜெயித்தான். தனக்கென்று ஒரு விதியை அவன் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதற்காக ஆபுத்திரனைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடவும் சாத்தனார் நம்மை விடுவதில்லை. அவன் மறுபிறவியில் சாவகத்துக்கே அரசனாகப் பிறக்கிறான். மணிமேகலையைப் பின்தொடர்ந்து அதே தீவுக்கு வருகிறான். அங்கே தன் பழைய எலும்புகளைக் காண்கிறான். பக்கத்தில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனை விட்டுப் போன வணிகர்கள் தேடித் திரும்பி வந்து, அவன் செத்தது பொறுக்காமல் அங்கேயே உயிரை விட்டிருக்கிறார்கள். தீவின் காவல் தெய்வமான தீவதிலகை அவனைப் பாராட்டவில்லை. உன் உயிரையும் கொன்றாய், உனக்காக இரங்கி வந்தவர்கள் உயிரையும் கொன்றாய், கொலைகாரன் இல்லையா நீ என்று கேட்கிறாள்.

சரியான கேள்வி. தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிக்கும் விலை உண்டு, அதை மற்றவர்களும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள்.

பின்னிணைப்பை எடுத்துவிட்டேன். நாவல் இப்போது முப்பது பக்கம் இளைத்திருக்கிறது, இன்னும் நன்றாகவும் இல்லை. அந்தப் பட்டறைக்கு மறுபடி போகவில்லை. போனால் அண்ணன் அதே கேள்வியைத்தான் கேட்பார், அதற்குள் ஒரு பதில் வேண்டும்.