தோட்டா இல்லாத துப்பாக்கி

நம்மூரில் குண்டு, தோட்டா, ரவை மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிவிடுகிறோம். வெடிமருந்தும் குண்டும் ஒரே உறைக்குள் அடைபட்டிருந்தால்தான் அது தோட்டா. காற்றுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. உள்ளே போடுவது வெறும் குண்டு, பெரும்பாலும் ஈயம். தள்ளுவது காற்று. தோட்டா செய்யும் ஆலை குண்டின் எடையையும் மருந்தின் அளவையும் தானே தீர்மானித்துப் பெட்டியில் அச்சடித்துத் தந்துவிடுகிறது. இங்கே அந்தப் பொறுப்பு முழுக்கச் சுடுகிறவன் தலையில். பெரிய குழல் கொண்ட வேட்டை ஏர்கன் வட்டாரத்தில் குண்டைப் பற்றி இத்தனை கட்சிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பத்து மீட்டர் பந்தயத்தில் நம் பிள்ளைகள் காகித இலக்கில் சுடும் பெல்லட் 4.5 மில்லிமீட்டர் விட்டம், அரை கிராம் எடை. உமாரெக்ஸ் நிறுவனத்தின் .50 ஹாமர் துப்பாக்கிக்குச் சொல்லப்படும் குண்டு 550 கிரெயின், அதாவது 35 கிராமுக்கும் மேல். இரண்டுமே ‘ஏர்கன்’தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. எனவே இனிச் சொல்வது பெரும்பாலும் அமெரிக்க நடப்பு.

மூத்த கட்சி உருண்டைக் குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெஸ்ஸ-டார்ம்ஸ்டாட் சிற்றரசர் எட்டாம் லூட்விக் காற்றுத் துப்பாக்கியால் மான் வேட்டையாடியவர். ஜிரார்டோனி வடிவமைத்து 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்குப் போன துப்பாக்கியும் ஏறத்தாழ அரை அங்குல உருண்டைகளைத்தான் வரிசையாக விழுங்கியது. அமெரிக்காவின் மேற்கை அளக்கப் போன லூயிஸ் வழியில் பழங்குடியினர் முன் ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டி அவர்களை வியக்கவைத்தார். உருண்டையின் குணம் அதன் எளிமை: எந்தப் பக்கம் விழுந்தாலும் அதே முகம். குறையும் அதிலேயே இருக்கிறது. விட்டம் முடிவானால் எடையும் முடிவாகிவிடும். .454 அங்குல ஈய உருண்டை 140 கிரெயின்தான். அதற்குமேல் ஒரு கிரெயின் ஏற்ற வழியில்லை.

எடையைக் கூட்டத்தான் நீள்குண்டுக் கட்சி பிறந்தது. பாரமான குண்டு குழலைவிட்டு வெளியேற நேரம் எடுக்கிறது. அந்த நேரமெல்லாம் காற்று அதன் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் அதே அளவு காற்றில் கனமான குண்டு பெரும்பாலும் கூடுதல் ஆற்றலோடு வெளியே வரும். மிசௌரியில் டென்னிஸ் குவாக்கன்புஷ் கையால் செய்த துப்பாக்கிகளும் கொரியாவின் சாம் யாங் துப்பாக்கிகளும் இந்தக் கட்சியை வளர்த்தன. வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த பழைய வார்ப்பு அச்சுகளை இவர்கள் தயங்காமல் இரவல் வாங்கிக்கொண்டார்கள். கனத்துக்கும் எல்லை உண்டு. குண்டு நீள நீள, அதை நிலைகுலையாமல் சுழற்றக் குழலுக்குள் ஓடும் சுருள் வரி நெருக்கமாக இருக்க வேண்டும். 1879இல் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இதைத்தான் கணக்காக்கியது. சுருள் போதாத குழலில் நீளக் குண்டைப் போட்டால் காகிதத்தில் வட்டத் துளை விழாது, சாவித் துவாரம் போல விழும்.

இரவல் வாங்கியதில் ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. ‘.45’ என்பது ஓர் அளவே அல்ல. .45 கைத்துப்பாக்கியின் ஈயக் குண்டு .452 அங்குலம், புகழ்பெற்ற .45-70 ரைஃபிளின் குண்டு .458. ஏர்கன் செய்கிறவர்களில் சிலர் முன்னதற்குக் குழல் துளைத்தார்கள், சிலர் பின்னதற்கு. வித்தியாசம் ஓரிரு தலைமுடிக் கனம், அவ்வளவுதான். ஆனால் சிறிய குண்டைப் பெரிய குழலில் இட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், குறியும் போய்விடும். மாறிப் போட்டாலோ குண்டு உள்ளேயே இறங்காது. வெடிமருந்தின் அழுத்தம் பொருந்தாத குண்டைக்கூடப் பிதுக்கிக் குழலை நிறைத்துவிடும். இருநூறு, முந்நூறு பார் அழுத்தமுள்ள காற்றை நம்பி அப்படி இருக்க முடியாது. அதனால் துப்பாக்கி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே காற்று இல்லாதபோது மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழல் வழியே தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, குழலின் சாட்சிதான் செல்லும்.

மூக்கில் குழிவைத்த குண்டை விரும்பும் கட்சியோடு எனக்குப் பாதி உடன்பாடு. பெரிய ஏர்கன் குண்டு பெரும்பாலும் ஒலியைவிட மெதுவாகவே போகிறது. அந்த வேகத்தில் குழி மலர வேண்டுமானால் ஈயம் சுத்தமாக, பிரினெல் கடினத்தன்மைக் கணக்கில் 5 அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். பழைய கார்ச் சக்கர எடைகளை உருக்கி வார்த்தால் 12ஐத் தொடும். குண்டு மலராமல் அப்படியே மறுபக்கம் போய்விடும். மலர்ந்த குண்டோ உள்ளேயே நின்றுவிடலாம். அப்போது வெளியேறும் துளை இல்லை, தொடர்ந்து போக இரத்தத் தடமும் இல்லை. மான் அளவு விலங்குக்கு இரண்டு நுரையீரலையும் ஊடுருவிப் போகும் தட்டை மூக்குக் குண்டே என் தேர்வு. மலரும் வித்தையை நரி, முயலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடுப்பு ஒடுங்கிய டயபோலோ பெல்லட் இன்னொரு பரம்பரை. உரிமம் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்ட் ஆற்றல் வரம்பு வைத்த இங்கிலாந்தில் புறாவுக்கும் முயலுக்கும் அது போதும். பெரிய குழலுக்கு அதை ஊதிப் பெரிதாக்கியவர்கள் உண்டு. தூரத்தில் காற்றின் தடையில் அதன் வேகம் சட்டென்று செத்துவிடுகிறது.

அமெரிக்க மாநில அரசுகளும் தரம் வகுத்துள்ளன. மிசௌரி மானுக்குக் குறைந்தது .40 குழல் கேட்கிறது. டெக்சாஸ் .30 குழலும், 150 கிரெயின் குண்டும், விநாடிக்கு 800 அடி வேகமும் கேட்கிறது. அல்லது எந்தச் சேர்க்கையிலாவது 215 அடி-பவுண்ட் ஆற்றல். சட்டத்துக்கு ஓர் எண் வேண்டும், சரி. ஆனால் அந்த எண்ணை வேட்டையின் உரைகல்லாக்குவது தவறு. ஹாமர் 700 அடி-பவுண்டைத் தாண்டும். அதன் குண்டு விநாடிக்கு 760 அடி வேகத்தில் கிளம்பினால் நூறு கஜத்தில் குழலின் நேர்க்கோட்டுக்கு முக்கால் மீட்டருக்கும் கீழே கிடக்கும். தூரத்தைப் பத்து கஜம் தப்பாக மதிப்பிட்டவனுக்கு எத்தனை அடி-பவுண்ட் இருந்தும் பயனில்லை. முழு வலுவில் சுடக் காற்று இரண்டு மூன்று வெடிக்கே தாங்கும். குறி பார்த்துப் பழகும் குண்டும் வேட்டைக்குப் போடும் குண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த வீழ்ச்சியாலும் காற்றுத் தட்டுப்பாட்டாலும்தான்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வெடிமருந்துத் துப்பாக்கி வேட்டையில் ஈயமே கூடாது. ஈயம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏர்கனிலும் வெள்ளீயக் குண்டுகள் வருகின்றன. ஈயத்தின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாத உலோகம் அது. அதே எடைக்கு நீளம் கூடும், சுருள் வரிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அயல்நாட்டில் முறையான உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அனுபவத்தை எழுதும்போது ‘.45இல் இந்தக் குண்டு அருமை’ என்று நிறுத்திவிடாதீர்கள். அளந்த குழல் விட்டம், ஈயத்தின் கலப்பு, எத்தனை பார் காற்று, எத்தனை கஜத் தூரம் என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.