வளையும் கால் முக்காலி: எங்கும் நிற்கும், அசையாமல் நிற்குமா?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் நம்மில் பலர் கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துத்தான் பாடம் பதிவு செய்தோம். அது சரிந்து விழ விழ, அடுத்து வாங்கியது வளையும் கால் கொண்ட இந்தச் சின்ன முக்காலி. 'எங்க வேணும்னாலும் கட்டலாம்' என்பதுதான் இதன் விளம்பரம். சொந்தக் காசு போட்டு வாங்குகிறோம். சொன்னதைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இதில் இரண்டு வகை உண்டு. ஜோபி நிறுவனத்தின் 'கொரில்லாபாட்' போன்றவற்றின் கால், பந்தும் கிண்ணமுமாகக் கோத்த பல மூட்டுகளால் ஆனது. நம் தோள்மூட்டு மாதிரி. 'ஆக்டோபஸ்' என்று மலிவாக விற்பது வேறு. பஞ்சு உறைக்குள் கம்பி இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி உள்ளேயே ஒடிந்துடும், வெளியே தெரியாது. பந்து மூட்டோ நாளாக ஆகத் தேய்ந்து தளரும்.

முதலில் நிறை. கால்களை நாற்காலி முதுகில் சுற்றி, கைப்பேசியை மேசைப் பக்கம் கவிழ்த்துப் பாருங்கள். 'ழ' எழுதும்போது பேனா எங்கே தொடங்குகிறது, எங்கே சுழிகிறது என்பதைப் பிள்ளை மேலிருந்தே பார்க்கும். அறிவியல் பாடத்தில் பச்சைப்பயறு முளைப்பதைத் தினமும் ஒரே கோணத்தில் படமெடுக்கவும் இது போதும். கலைக்காமல் விட்டால் சரி.

இனி குறை. பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. 2003-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். மாணவர்களை அழைத்துப் போனால், அலையாத்திக் காட்டுக்குள் போகும் நடைபாதையின் கைப்பிடியில் இந்த முக்காலியைக் கட்டத்தான் தோன்றும். நானும் கட்டினேன். கால்கள் இறுகப் பிடித்தன. ஆனால் மாணவர்கள் நடக்க நடக்கப் பலகை அதிர்ந்தது, கைப்பிடி அதிர்ந்தது, கேமராவும் அதிர்ந்தது. நிழலில் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடுவதால், சேற்றில் இருந்த மீன் படத்தில் வெறும் கோடாக விழுந்தது.

இதுதான் விளம்பரம் சொல்லாத உண்மை. எதைப் பிடிக்கிறதோ, அதன் ஆட்டம்தான் இதன் ஆட்டம். பிள்ளை எழுதும் மேசையிலேயே கட்டினாலும் இதே கதைதான்.

எடையும் அப்படித்தான். ஒரு கிலோ, மூன்று கிலோ என்று மாடலுக்கு ஏற்பச் சொல்வார்கள். கால்கள் நன்றாக விரிந்து, பாரம் நடுவில் இருந்தால் அது சரி. லென்ஸ் முன்னே நீண்டால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். மூட்டு மெல்ல மெல்லத் தலை குனியும். ஆகவே ஒரு காலை லென்ஸுக்கு நேர்கீழே வையுங்கள். உங்கள் கேமராவின் எடையைப்போல் இரு மடங்கு தாங்கும் மாடலை வாங்குங்கள். இரண்டு வினாடித் தாமத வசதியைப் போட்டால் விரல் அழுத்தும் அசைவும் இருக்காது.

உயரம்தான் பெரிய குறை. பலவும் ஓர் அடிக்கோல் உயரமே. வகுப்பறை மேசையில் வைத்தால் கரும்பலகைக்குப் பதில் பிள்ளைகளின் பின்தலைதான் தெரியும். முழு வகுப்பைப் பதிவு செய்ய இதை வாங்கிடாதீங்க; நெட்டையான சாதாரண முக்காலியே மேல்.

முடிவு இதுதான்: மேசை வேலைக்கு, பயணப் பைக்கு நல்ல துணை. ஆனால் பெரிய முக்காலிக்கு மாற்று அல்ல.

தேர்வு எழுதும் மாணவர்களே, மதிப்பீட்டுக் கட்டுரையில் நிறை மூன்று, குறை மூன்று என்று அடுக்கினால் போதாது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டுப் பதில் சொல்லுங்கள். பலகை அதிராத இடத்தில் இதே முக்காலி நல்ல படம் தந்திருக்கும். அப்படியானால் குறை பொருளில் மட்டுமா, நான் கட்டிய இடத்திலுமா? அதையும் எழுதினால்தான் மதிப்பீடு.