மூன்று வரிசைக் கீபோர்டு: பிளாக்பெர்ரி பாஸ்போர்ட், முதல் பார்வை

பாஸ்போர்ட் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. நிஜமான பாஸ்போர்ட் புத்தகத்தின் அளவு 125-க்கு 88 மில்லிமீட்டர். பிளாக்பெர்ரியின் இந்தப் போன் 128-க்கு 90.3. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரங்கள் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். எல்லா கம்பெனிகளும் போனை நீளவாக்கில் இழுத்துக்கொண்டிருந்த 2014-ல், இவர்கள் மட்டும் குறுக்கே இழுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐபோன் 6 ப்ளஸ்ஸையே ‘ரொம்பப் பெரிசு’ என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதன் அகலம் 77.8 மில்லிமீட்டர்தான். பாஸ்போர்ட் அதைவிட ஒரு விரல்கடை அகலம்.

சட்டைப் பையில் போகிறது. ஆனால் பை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது, பக்கத்தில் ஒரு பேனா செருக இடமில்லை. எடை இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம், முதுகில் வழுக்காத மெத்தென்ற பிளாஸ்டிக். கட்டுமானத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐபோன் 6 ப்ளஸ் பையிலேயே வளைகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு ஓடிய அதே வாரத்தில்தான், செப்டம்பர் 24 அன்று, டொராண்டோ, லண்டன், துபாய் மூன்று ஊர்களில் ஒரே நாளில் இது அறிமுகமானது. ‘முடிந்தால் இதை வளைத்துப் பாருங்கள்’ என்று பிளாக்பெர்ரியின் அன்றைய தலைவர் ஜான் சென் சவால் விட்டதில் வியப்பில்லை. கையில் எடுத்தவர்களுக்கு அந்தச் சவால் வெறும் வாய்வீச்சாகத் தெரியாது.

இருந்தாலும் இந்தப் போனை யாரும் உறுதிக்காக வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்கியவர் வாங்கியது திரைக்குக் கீழே இருக்கும் அந்த மூன்று வரிசைப் பட்டன்களுக்காகத்தான்.

கீபோர்டில் கைவைத்துப் பார்ப்பது இந்த நிறுவனத்துக்குப் புதிதல்ல. ரிசர்ச் இன் மோஷன் என்ற பழைய பெயரில் இருந்தபோது, 1999-ல் 850 என்ற குட்டி பேஜரை இரண்டு கட்டைவிரலால் தட்டும் கீபோர்டோடு கொண்டுவந்தது. 2006-ல் பேர்ல் என்ற ஒல்லியான போனில் ஒரே பட்டனில் இரண்டு எழுத்துகளை ஏற்றியது. 2008-ல் ஸ்டார்ம் என்ற மாடலில் முழுத் திரையையுமே ஒரு பெரிய பட்டனாக்கி, அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே போகும்படி செய்தது. அது எடுபடவில்லை. நம் ஊரில் பிளாக்பெர்ரி என்றால் நினைவுக்கு வருவது வேறு: வோடபோன் விளம்பரத்து ‘பிளாக்பெர்ரி பாய்ஸ்’, கர்வ் 8520-ல் கண்ணாலே பார்க்காமல் பிளாக்பெர்ரி மெசஞ்சரில் (பிபிஎம்) செய்தி அனுப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள். கண்ணாலே பார்க்காமல் என்பதைக் கொஞ்சம் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள். நடுவரிசையில் ஒன்பது எழுத்துகள், கடைசியில் அழிக்கும் பட்டன். கீழ்வரிசையில் நான்கு எழுத்துகள் இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஸ்பேஸ் பார், ஓரத்தில் என்டர். முடிந்தது. ஷிப்ட் இல்லை, எண்கள் இல்லை, கமா இல்லை. அவையெல்லாம் தேவைப்படும்போது திரையின் அடிப்பகுதியில் ஒரு டச் வரிசையாக முளைக்கின்றன. மின்னஞ்சல் முகவரி எழுதும் இடம் என்றால் ஒரு கூட்டம், செய்தி எழுதும் இடம் என்றால் இன்னொரு கூட்டம் என்று இடத்துக்கு ஏற்ப மாறுகின்றன.

வரிசை குறைந்ததை ஈடுகட்ட ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பட்டன்களின் மேற்பரப்பு முழுவதும் தொடுதலை உணர்கிறது. அழுத்தாமல் விரலை மேலும் கீழும் தடவினால் திரையில் பக்கம் நகர்கிறது. இடப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தால் கடைசியாக எழுதிய சொல் அழிகிறது. கீழ்நோக்கி இழுத்தால் குறியீடுகள் வருகின்றன. இரண்டு முறை மெல்லத் தட்டினால் கர்சர் கைக்கு வந்துவிடும். பட்டன்களின் மேல் விரலை நகர்த்தி, எழுத்துப் பிழை இருக்கும் இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தலாம். கண்ணாடித் திரையில் தடித்த விரலைக் குத்திக் கர்சரைத் தேடி அலைகிற எல்லோருக்கும் இதன் அருமை புரியும். எழுத எழுத, திரையின் அடியில் மூன்று சொற்களை ஊகித்துக் காட்டுகிறது. வேண்டிய சொல்லுக்கு நேர்கீழே விரலால் மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் அந்தச் சொல் வரியில் போய் உட்காருகிறது.

இந்தச் சுண்டல் முதலில் வேடிக்கையாக இருக்கும், பிறகு பழகும். நீளமான சொற்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் வேகமாகத் தட்டிப் பழகிய கைக்கு இது தடங்கல். சொல்லைப் பார்க்க வேண்டும், மூன்றில் எது என்று முடிவெடுக்க வேண்டும், விரலை அங்கே நகர்த்த வேண்டும். அதற்குள் மீதி எழுத்துகளைத் தட்டியே முடித்திருக்கலாம். பட்டன்கள் தரமானவை. வரிசைகளுக்கு நடுவே ஓடும் உலோகக் கம்பி விரலுக்கு எல்லை சொல்கிறது, ஒவ்வொரு அழுத்தலும் தெளிவாகத் தெரிகிறது. வெறும் எழுத்துகளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் பிழையே வராது.

வெறும் எழுத்துகளை மட்டும் யார் அடிக்கிறார்கள்? வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய எழுத்து, நாலு சின்ன எழுத்து, இரண்டு எண், நடுவே ஒரு குறியீடு. கட்டைவிரல் பட்டனிலிருந்து கண்ணாடிக்கு ஏறி, மறுபடி பட்டனுக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. பட்டனில் அழுத்தம் தெரிகிறது, கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இந்த மாற்றம் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திரைக்கு இழுக்கிறது. ஸ்பேஸை இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி, எழுத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து என்ற பழைய பிளாக்பெர்ரி குறுக்குவழிகள் கொஞ்சம் கைகொடுக்கின்றன. இருந்தும் கர்வ் காலத்தில் பார்க்காமலே எழுதிய அந்தச் சுகம் இங்கே கிடைக்காது. கீபோர்டு கீபோர்டாக இருந்ததே அந்தச் சுகத்தால்தான்.

இன்னொன்று, ஒரு கையால் ஆகாது. பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தால் பாஸ்போர்ட்டை எடுக்காமல் இருப்பதே நல்லது. கீபோர்டு அடிவிளிம்போடு ஒட்டியிருப்பதால் இரண்டு கையும் கீழேயே பிடிக்க வேண்டியிருக்கிறது, தலைப்பக்கம் கனக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த மாதிரிக் கீபோர்டிடமிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் வரும், அருமையான ஒழுங்கு. ஆனால் அது இருபத்தாறு ஆங்கில எழுத்துகளோடு நிற்பதில்லை. ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் கணினிக் கீபோர்டில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு இருக்கும் பட்டன்களில் உட்கார்ந்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் அந்தப் பட்டன்களே கிடையாது. ‘ச’வும் ‘ய’வும் இல்லாமல் தமிழில் ஒரு வரி நகருமா? டச் கீபோர்டு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மொழி மாறினால் அதுவும் தன் பட்டன்களை மாற்றிக்கொள்ளும். எழுத்தை அச்சடித்து வைத்த பட்டனுக்கு அந்த நெகிழ்வு இல்லை. நம்மில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் பேசிக்கொள்கிறோம் என்பதால் இது பெரிய குறையாகப் படாமல் போகலாம். எனக்குப் படுகிறது.

இனி திரைக்கு வருவோம். இந்தப் போனின் அசல் வெற்றி அங்கேதான் இருக்கிறது. 4.5 அங்குலம், 1440-க்கு 1440 புள்ளிகள், சரிசமமான சதுரம். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 81 மில்லிமீட்டர். அன்றைய வழக்கமான 5 அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் கிடைக்கும் அகலம் 62 மில்லிமீட்டர்தான். ஒரு வரியில் 40 எழுத்துகள் தெரிகிற இடத்தில் இங்கே 60 தெரியும் என்றது நிறுவனம்.

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இது அதிகம் பயன்படும். நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. சாதாரணப் போனில் ஒரு வரிக்கு மூன்று சொல் வந்தாலே பெரிய விஷயம். வாக்கியம் படிக்கட்டு இறங்குவதுபோல் உடைந்து உடைந்து இறங்கும். கிரவுன் சைஸ் தமிழ்ப் புத்தகத்தில் அச்சு விழும் அகலம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பிடிஎஃப் கோப்பை பாஸ்போர்ட்டில் திறந்து பக்கத்தைப் பெரிதாக்கி வெள்ளை ஓரங்களை ஒதுக்கிவிட்டால், எழுத்து அச்சில் இருந்த அளவுக்கு அருகே வந்துவிடுகிறது. போனைத் திருப்ப வேண்டாம், பக்கத்தை இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டாம். பாதிப் பக்கம்தான் தெரியும் என்பது உண்மை. மீதிப் பாதிக்குக் கட்டைவிரலைக் கீபோர்டின்மேல் லேசாகத் தடவினால் போதும். விரல் திரையை மறைப்பதில்லை, கண்ணாடியில் கறை படிவதில்லை, பிடித்த பிடியை மாற்ற வேண்டியதும் இல்லை. எக்செல் கணக்கு, நீண்ட மின்னஞ்சல் தொடர், வக்கீல் நோட்டீஸ், எது திறந்தாலும் இதே சௌகரியம். எழுதுவதற்கென்று விற்கப்பட்ட இந்தக் கீபோர்டு படிப்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது. முதல் பார்வையில் எனக்குப் பட்ட பெரிய விஷயம் இதுதான்.

படம் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சதுரம் லாபமில்லை. அகலத் திரைப் படத்தை ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் நடுவில் நாலரை சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கிவிடும். இரண்டரை மணி நேரப் படத்தை இதில் பார்க்க உட்காராதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்னாப்டிராகன் 801 சிப், 3 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, மெமரி கார்டும் போடலாம். எதுவும் திணறவில்லை. 13 மெகாபிக்சல் கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு. பகலில் நன்றாக எடுக்கிறது, சதுரப் படமாகவே எடுக்கத் தொடங்குவதுதான் பழக வேண்டிய விஷயம். 3450 எம்ஏஎச் பேட்டரி தாராளம். நான்கு மைக்குகள் இருப்பதால் சந்தடியான தெருவில் நின்று பேசினாலும் மறுமுனையில் குரல் தெளிவு. பிளாக்பெர்ரி, பேசுவதற்கும்தான் போன் என்பதை மறக்காத கம்பெனியாக இருந்தது. பாஸ்போர்ட் புத்தகத்தைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் இருக்கும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக்பெர்ரி 10.3 இயங்குதளம் தனி உலகமாக இருந்தது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பிபிஎம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் திரட்டும் ‘ஹப்’, அலுவலக வேலைக்கு அன்று இணையில்லாதது. பிளெண்ட் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டால், போனுக்கு வரும் செய்திகளுக்கு அங்கிருந்தே பதில் அனுப்ப முடிந்தது. ஆப்களில்தான் இடறியது. கூகுள் ப்ளே இல்லை. அமேசான் ஆப் ஸ்டோரை உள்ளேயே வைத்து, ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வசதியைக் கொடுத்திருந்தார்கள். கூகுளின் சேவைகளை நம்பி நிற்கும் ஆப்கள் இதில் முழுதாக வேலை செய்யவில்லை. வேலை செய்தவையும் நீள்சதுரத் திரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், சதுரத்தில் சில பட்டன்கள் கீழே ஒளிந்துகொண்டன. அப்போது வாட்ஸ்அப் இருந்தது, அது போதும் என்றவருக்குக் கவலையில்லை.

2014-ல் விலை 49,990 ரூபாய். ஐபோன் 6 அப்போது இங்கே 53,500-ல் தொடங்கியது, அதுவும் 16 ஜிபிக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் பாஸ்போர்ட் அநியாய விலையல்ல. ஆனால் 43,490 ரூபாய்க்கு வந்த இதே நிறுவனத்தின் இசட்10 போன் ஓராண்டு கழித்துச் சலுகை விலையில் 17,990-க்கு இறங்கியதை இந்தியாவில் பிளாக்பெர்ரி வாங்கிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவசரமில்லாதவர்களுக்குச் சில மாதம் பொறுப்பதில் நஷ்டம் இருக்கவில்லை.

பொறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிளாசிக் என்ற மாடலை 2014 முடிவதற்குள் கொண்டுவருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. திரை சிறியது, 3.5 அங்குலம்தான், ஆனால் கீபோர்டு பழையபடி நான்கு வரிசை, மேலே பழைய டிராக்பேட். நாள் முழுக்கப் படிக்கிறவருக்கு, அதிலும் அட்டவணையும் ஆவணமுமாக உழல்கிறவருக்கு, பாஸ்போர்ட் ஏற்றதாக இருந்தது. நாள் முழுக்கத் தட்டுகிறவர் கிளாசிக் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லதாக இருந்தது.