எஞ்சினுக்கும் குளிர்சாதனமா? ஒரு யோசனையின் வரவு செலவு

காரில் குளிர்சாதனம் இருக்கிறது. டர்போ எஞ்சின் குளிர்ந்த காற்றை விரும்புகிறது. அப்படியானால், பயணிகளுக்குத் தரும் குளிரில் ஒரு பங்கை எஞ்சினுக்கும் தந்தால் என்ன?

கேட்டவுடன் மனத்தைக் கவரும் யோசனை இது. மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்ய விரும்புகிறார்கள். கார்ப் பித்துக் கொண்ட இளைஞர்கள் கைப்பணத்தைப் போட்டுச் செய்து பார்க்கவும் முனைகிறார்கள். இதைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உலவுகின்றன. ஒரு சாரார், "இலவசமாகக் கிடைக்கும் குளிர், வேகமும் கூடும், மைலேஜும் கூடும்" என்கின்றனர். மறு சாரார், "குளிர்சாதனத்தின் கம்ப்ரசரைச் சுற்றுவதே அந்த எஞ்சின்தானே? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதில் என்ன லாபம்? ஆற்றல் அழிவின்மை விதிக்கே இது முரண்" என்று முடித்துவிடுகின்றனர்.

இரண்டும் பிழை. இவற்றுள் இரண்டாவதுதான் கூடுதல் கவலை தருகிறது. ஏனெனில் அது இயற்பியல் வகுப்பறையின் பெயரால் சொல்லப்படுகிறது. விதியைச் சொல்லிவிட்டால் கணக்குப் போட வேண்டியதில்லை என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. நாம் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

காற்று ஏன் சூடாகிறது?

1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதனுடன் இணைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய திறன் கிடைப்பது இப்படித்தான்.

ஆனால், அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்பால் காற்றடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். அதனால் உருளைக்குள் புகும் ஆக்சிஜனின் அளவும் குறையும். வெப்பம் மிகுந்தால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து, எஞ்சினில் 'டக் டக்' என்ற தட்டல் எழும். இவற்றைத் தவிர்க்க, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் கருவி ஒன்றை வைக்கிறார்கள். அதுதான் இண்டர்கூலர். சில கார்களில் வெளிக்காற்றே இதைக் குளிர்விக்கும். வேறு சிலவற்றில் கூலன்ட் என்னும் குளிர்நீர் இதனூடே ஓடி வெப்பத்தை வாங்கிச் சென்று, காரின் முன்புறமுள்ள சிறு ரேடியேட்டரில் இறக்கிவிடும். 2021-இல் இந்தியாவில் வெளிவந்த ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் கார்களின் 1 லிட்டர் எஞ்சினில் இருப்பது இந்த இரண்டாம் வகை.

எவ்வளவு பெரிய ரேடியேட்டரை வைத்தாலும் கூலன்ட்டின் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. அதற்கும் கீழே இறக்க வேண்டுமானால் குளிர்சாதனத்தின் துணை தேவை. நாம் ஆராயும் யோசனை இங்கேதான் பிறக்கிறது.

முதற் கணக்கு

ஏறக்குறைய 110 குதிரைத்திறன், அதாவது 81 கிலோவாட், தரும் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுத் திறனில் அது நொடிக்குச் சுமார் 85 கிராம் காற்றை உள்ளிழுக்கும். வெளிக்காற்று 32 டிகிரி செல்சியஸ் என்க. டர்போ அதை இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவின் திறமை 70 விழுக்காடு என்ற கணக்கில், காற்று ஏறக்குறைய 127 டிகிரியில் வெளிவரும். சாதாரண இண்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்குகிறது என்று கொள்வோம். அதற்கு 6.6 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும்.

இனி குளிர்சாதனத்தைக் கொண்டு 50-லிருந்து 20 டிகிரிக்கு இறக்குவோம். உலர்ந்த காற்றானால் இதற்கு 2.6 கிலோவாட் போதும்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுகிறது. காரில் உள்ள கம்ப்ரசர் 1 கிலோவாட் வேலை செய்தால் ஏறக்குறைய 2 கிலோவாட் வெப்பத்தை இடம்பெயர்க்கும். ஆகவே 2.6 கிலோவாட் வெப்பத்தை அகற்ற எஞ்சின் செலவிடுவது 1.3 கிலோவாட்தான்.

வரவு என்ன? தனி வெப்பநிலைக் கணக்கில் 323-லிருந்து 293-க்கு இறங்கினால், அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி 10 விழுக்காடு கூடும். பெட்ரோலையும் அந்த விகிதத்தில் கூட்டினால் ஏறக்குறைய 8 கிலோவாட் மிகும். செலவு 1.3, வரவு 8! ஆற்றல் அழிவின்மை விதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கூடுதல் ஆற்றல் குளிரிலிருந்து வரவில்லை. கூடுதலாக எரிந்த பெட்ரோலிலிருந்து வந்தது. குளிர்ச்சி கதவை மட்டுமே திறந்துவிட்டது. எனவே, விதியைக் காட்டி இந்த யோசனையை மறுப்பவர்கள் தோற்றுவிட்டனர்.

அதே கணக்கில் மைலேஜ் கூடும் என்பவர்களும் தோற்றுவிட்டனர். பெட்ரோல் 10 விழுக்காடு கூடுகிறது; கம்ப்ரசரின் பங்கைக் கழித்தால் சக்கரத்துக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இது திறனைக் கூட்டும் வழியே அன்றி எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி அன்று.

நம் ஊர்க் காற்றின் ஈரம்

இதுவரை காற்றை உலர்ந்ததாகக் கொண்டோம். உழவர்கரையிலோ கடலூரிலோ காற்று அப்படியா இருக்கிறது? 32 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் என்பது நம் கடற்கரையில் வெகு இயல்பு. அத்தகைய ஒரு கிலோகிராம் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி கலந்திருக்கும். காற்றை இரு மடங்கு அமுக்கும்போது நீராவியின் அழுத்தமும் இரு மடங்காகும். அதனால் அது நீராகத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது பனிநிலை, 40 டிகிரிக்கு அருகே வந்துவிடும்.

சாதாரண இண்டர்கூலர் 50 டிகிரியில் நிறுத்திக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. நாம் 20 டிகிரிக்கு இறக்க முயன்றால் ஒவ்வொரு கிலோகிராம் காற்றிலிருந்தும் ஏறக்குறைய 15 கிராம் நீர் பிரியும். நொடிக்கு 1.3 கிராம், நிமிடத்துக்கு 80 கிராம். ஆவி நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும் என்பது பள்ளிப் பாடம். இங்கே அது 3.2 கிலோவாட். காற்றைக் குளிர்விக்கத் தேவையான 2.6 கிலோவாட்டைக் காட்டிலும் அதிகம்! ஆக மொத்தச் சுமை 5.8 கிலோவாட். சிறிய காரின் குளிர்சாதனமோ நல்ல நிலையில் 4 அல்லது 5 கிலோவாட் வெப்பத்தைத்தான் அகற்றும்.

ஈரம் நீங்கிய காற்றில் ஆக்சிஜனின் பங்கு சற்றுக் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பிரிந்த நீர் எங்கே போகும்? ஒரு பகுதி எஞ்சினுக்குள் போகும். மற்றது இண்டர்கூலரின் அடியில் தேங்கும். அதை வெளியேற்றவும் வழி செய்ய வேண்டும். வறண்ட நாட்டில் செய்து பார்த்த அளவுகளை அப்படியே நம் கடற்கரைக்கு எடுத்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கணக்கில் வராத செலவுகள்

இன்னும் சில செலவுகள் உண்டு. கூலன்ட்டை 10 டிகிரிக்குக் குளிர்வித்து ஒரே சுற்றில் ஓட விட்டோம் என்போம். இண்டர்கூலரைக் கடந்து அது 25 டிகிரியில் திரும்புகிறது. வழியில் ரேடியேட்டரைத் தொடுகிறது. வெளிக்காற்றோ 32 டிகிரி! ரேடியேட்டர் கூலன்ட்டைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடாக்கும். ரேடியேட்டரை விலக்கிவிட்டால், அது முன்பு இலவசமாகச் செய்த 6.6 கிலோவாட் வேலையும் குளிர்சாதனத்தின் தலையில் விழும். மொத்தம் 12.4 கிலோவாட். எந்தச் சிறிய காரின் குளிர்சாதனமும் இதைத் தாங்காது. முதற்பகுதி வெப்பத்தை வெளிக்காற்றிலும் எஞ்சியதைக் குளிர்சாதனத்திலும் இறக்க வேண்டுமானால் இரண்டு இண்டர்கூலர்களும் இரண்டு சுற்றுகளும் வேண்டும்.

அகற்றிய வெப்பமும் மறைந்துவிடாது. குளிர்சாதனத்தின் கண்டென்சர் அதைக் காரின் முன்புறத்தில் கொட்டுகிறது. எஞ்சினின் ரேடியேட்டர் இருப்பது அதற்குப் பின்னால். அதற்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடேறிய காற்று.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது பல கார்களில் கட்டுப்பாட்டுக் கணினி குளிர்சாதனக் கம்ப்ரசரைச் சிறிது நேரம் நிறுத்திவிடும். எல்லாத் திறனும் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. எஞ்சினுக்குக் குளிர் தேவைப்படும் அதே நொடியில் குளிர் நின்றுபோகும்! மேலும், அந்தக் கணினி எஞ்சினின் திறனுக்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. காற்று குளிர்ந்தால் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துப் பழைய திறனிலேயே நிறுத்தும். கடும் வெயிலில் தட்டலைத் தவிர்க்கக் கணினி குறைத்துக்கொள்ளும் திறன் மட்டும் திரும்பக் கிடைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கணினியின் நிரலை மாற்ற வேண்டும். அதோடு உத்தரவாதம் போகும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் இளைஞர்கள் மறக்கலாகாது.

வென்றவர்கள் எப்படி வென்றார்கள்?

அப்படியானால் யோசனை பயனற்றதா? இல்லை. 2017-இல் அறிமுகமான அமெரிக்காவின் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில் இது தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன் தரும் வண்டி அது. பந்தயத்தின்போது குளிர்சாதனத்தின் குளிர்பொருள் பயணிகள் பக்கம் போகாமல், இண்டர்கூலரின் கூலன்ட்டைக் குளிர்விக்கத் திருப்பப்படும். கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, அது 9.65 நொடியில் கடந்தது. இதற்கும் முன்பே, 2000-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் கூலன்ட்டைக் குளிர்வித்துச் சேமித்துவைக்கும் முறையை ஒரு மாதிரி வண்டியில் காட்டியிருந்தது.

இவற்றின் இரகசியம் காலம் என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. 5 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக 630 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும். முன்பு கண்ட 12.4 கிலோவாட் சுமையை அது 50 நொடி தாங்கும். நீர் சூடேற ஏறப் பயன் குறையும் என்பதால் முதல் 20, 25 நொடிதான் உண்மையான பலன். பத்து நொடிப் பந்தயத்துக்கு அது தாராளம். பிறகு 4 கிலோவாட் குளிர்சாதனத்தால் அந்த நீரை மீண்டும் குளிர்விக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை உள்ளே இருப்பவர் வியர்க்க வேண்டியதுதான். குழாயில் நூலாக வரும் தண்ணீரைத் தொட்டியில் நிறைத்து, ஒரே வீச்சில் இறைப்பது போன்றது இது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பல சுற்றுகள் விடாமல் ஓடும் காருக்கு முதற்சுற்று முடிவதற்குள்ளேயே தொட்டி வற்றிவிடும்.

சேமிப்புதான் வேண்டுமென்றால் எளிய வழியும் உண்டு. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போதே 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும். இரண்டு கிலோ பனிக்கட்டி, மேலே கண்ட 5 லிட்டர் நீரின் வேலையைச் செய்துவிடும். நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் கூலன்ட் தொட்டியில் பனிக்கட்டி போடுவது இதனால்தான். அன்றாடம் கார் ஓட்டுபவருக்கோ, இண்டர்கூலர், ரேடியேட்டர் இவற்றின் தகடுகளில் படிந்த தூசியைக் கழுவி வைப்பதே சிறந்த செலவு.

இதே அமைப்புக்கு இன்று உரிய இடம் வேறொன்று கிடைத்திருக்கிறது. திரவத்தால் குளிர்விக்கப்படும் மின்கலங்களைக் கொண்ட பல மின்கார்களில், குளிர்சாதனத்தின் குளிர்பொருள் ஒரு சிறு தகட்டுப் பெட்டியில் கூலன்ட்டைக் குளிர்விக்கிறது. அந்தக் கூலன்ட் மின்கலத்தினூடே ஓடுகிறது. அங்கே 127 டிகிரிக் காற்று இல்லை. நொடிக்கு நொடி புதிதாகப் புகும் ஈரமும் இல்லை. சுமை மிதமானது, நெடுநேரம் நீடிப்பது. குளிர்சாதனத்துக்கு ஏற்ற வேலை அதுவே. வெயிலில் வெளிக்காற்றால் மட்டும் மின்கலத்தைப் போதிய அளவு குளிர்விக்க முடியாது என்பதால், தேவையும் மெய்யானது.

ஆகவே இந்த யோசனையைத் திட்டமாக எடுக்கும் மாணவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் குழாயை வெட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எண்களால் விடை எழுதட்டும்: எவ்வளவு வெப்பம்? எவ்வளவு நேரம்? காற்றில் எவ்வளவு ஈரம்? எடுத்த வெப்பத்தை எங்கே கொட்டுவது? ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். அந்தத் தாள் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். விதிகளை ஒப்பிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டையும் கற்றுத் தரும்.